முப்பத்தோரு வீடு, ஒரு சந்து: எங்கள் தெருத் தண்ணீர் வெளியேறிய கதை

எங்கள் தெருவின் பழைய வீடுகளில் இன்னும் திண்ணை இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருவிலிருந்து அந்தத் திண்ணைக்கு மூன்று படி ஏற வேண்டும். 2022இல் அதே வீட்டுக்குள் போக ஒரு படி இறங்க வேண்டியிருந்தது. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஜல்லி ரோடு, அதன் மேல் தார், தார் மேல் தார், அப்புறம் கான்கிரீட், கான்கிரீட் மேல் கான்கிரீட் என்று தெருதான் வளர்ந்துகொண்டே வந்தது.

அந்தத் தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரை வெளியே அனுப்ப ஒன்றே முக்கால் வருடம் பிடித்தது. ஊழல் கதையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒரு சின்ன நகராட்சியின் பொறியியல் பிரிவில் ஒரு முடிவு எந்த இடத்தில், யார் கையில், எந்த நேரத்தில் உருவாகிறது என்று பார்ப்பதற்காகத்தான் எழுதுகிறேன். நகர்மன்றக் கூட்டத்தில் உருவாகிறது என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது அங்கே போய்ச் சேரும்போது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம்.

ஊர், வட ஆற்காட்டில் பாலாற்றுக்குப் பக்கத்து நகராட்சி. பெயர் வேண்டாம். நான் மாநில அரசின் ஒரு துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தெருவில் மனு எழுத வேண்டுமென்றால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

யாருடைய ரோடு?

எங்கள் பக்கம் ரோடு, கால்வாய், பாலம், ஏரி எதுவானாலும் பி.டபிள்யூ.டி. என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் பொதுப்பணித் துறைக்கு இப்போது பெரும்பாலும் அரசுக் கட்டடங்கள்தான். ஏரி, ஆறு, வாய்க்கால் எல்லாம் 2021இல் நீர்வளத் துறை என்று தனியாகப் போய்விட்டது. அப்போது காட்பாடிச் சட்டமன்ற உறுப்பினர்தான் அதற்கு அமைச்சரானார். பெரிய சாலைகளில் சில தேசிய நெடுஞ்சாலை, சில மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. பெரிய குடிநீர்த் திட்டங்களைக் கட்டுவது குடிநீர் வடிகால் வாரியம். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரியும் விளக்கு நகராட்சியுடையது. மிச்சமிருக்கும் தெரு, சந்து, பக்கக் கால்வாய், தெருக் குழாய் எல்லாம் நகராட்சியின் பொறியியல் பிரிவு. சாமானிய மனிதனுக்கு பி.டபிள்யூ.டி. என்றால் அந்த ஆபீஸ்தான்.

வாலாஜாபேட்டையும் வேலூரும் 1866லேயே நகராட்சி ஆனவை. வேலூர் 2008இல் மாநகராட்சியாகிவிட்டது. அத்தனை பழைய மாவட்டம் இது. ஆனால் எந்த நகராட்சியிலும் ஒரு மனு போனவுடன் உதவிப் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்: "இது நம்ம ரோடா?"

எங்கள் தெரு வடக்கே மேடு, தெற்கே பள்ளம். நீளம் 140 மீட்டர். தெற்கு முனை ஒரு பெரிய சாலையில் போய் முட்டுகிறது. அந்தச் சாலை நகராட்சியுடையது இல்லை, வேறு துறையுடையது. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. நான் சம்பளம் வாங்கியதும் அங்கேதான். முன்பு எங்கள் பக்கக் கால்வாய் அந்தச் சாலைக்கு அடியில் ஒரு குழாய் வழியாக அந்தப் பக்கம் போனது. சாலையை அகலப்படுத்தியபோது குழாயின் வாய் மண்ணுக்குள் போய்விட்டது. சாலையும் எங்கள் தெருவைப் போலவே வளர்ந்தது, எங்களைவிட வேகமாக. இதன் பலன், தெருவின் கடைசி ஆறு வீடுகளுக்கு முன்னால் ஒரு தட்டு மாதிரிப் பள்ளம். வடக்கிலிருந்து வரும் தண்ணீர் அங்கே வந்து நின்றுவிடும்.

அந்தக் குழாயைத் தோண்டி எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அது வேறு துறையின் சாலை. வெட்ட அனுமதி, வெட்டிய இடத்தைச் சரிசெய்ய முன்பணம், அவர்கள் பொறியாளர் வந்து பார்ப்பது, இத்தனையும் வேண்டும். நகராட்சியிலிருந்து இரண்டு கடிதம் போனது. ஒரு பதில் வந்தது: அடுத்த முறை சாலைப் பணி எடுக்கும்போது சிறுபாலம் சேர்த்துக்கொள்ளப்படும். அடுத்த முறை எப்போது என்று பதிலில் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸ் பேச்சில் சிறுபாலத்துக்கு யாரும் சிறுபாலம் என்றோ கல்வெர்ட் என்றோ சொல்வதில்லை, 'கல்வெட்டு' என்பார்கள். "சார், அந்தக் கல்வெட்டு அடைச்சிக்கினு கீது" என்று பணி மேற்பார்வையாளர் சொன்னால் சோழர் காலத்துச் சமாசாரம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

மனுவும் தலைப்பும்

நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. கவுன்சிலர் வந்த பிறகு ஒரு வித்தியாசம் தெரிந்தது: கேட்பதற்கு ஒரு வீட்டு வாசல் கிடைத்தது. 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் முதல்முறையாக நடந்தபோது, எங்கள் பகுதி சபையில் நான் எழுதிக் கொடுத்த மனு இப்படித் தொடங்கியது: "தெருவின் தென்முனையில் மழைநீர் தேங்குகிறது. வெளியேற வழி செய்து தரவும்."

மனுவில் ரோடு என்ற சொல்லே இல்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து ஆபீசுக்குப் போனபோது பதிவேட்டில் அது "சாலை வசதி கோருதல்" என்று ஏறியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் உதவிப் பொறியாளர் விளக்கினார். முப்பது வயதுப் பெண். சாலையோடு குடிநீரும் அவர் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு முதல் போன் குழாய் உடைப்புக்காக வரும். நான் அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு வால்வு திறக்கவில்லை என்று குழாய் பிட்டர் வந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஸ்பீடு பிரேக்கர் கேட்டு நாலு பேர் வந்தார்கள். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரசின் அளவுப்படி சாதாரண ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். மேஜையில் அந்தத் தாள் இருந்தது. வந்தவர்களுக்கு வேண்டியது ஒரு முழ அகலத்தில் ஒரு சாண் உயரம். "பெரிசா போடுங்க மேடம், அப்பதான் நிறுத்துவானுங்க." அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "நேர்ல வந்து பார்க்கிறேன்" என்றார். அந்த ஆபீசில் தள்ளிப்போடவும் அந்த வாக்கியம்தான் பயன்படும், உண்மையிலேயே வருவதாக இருந்தாலும் அதுதான். எது எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

எங்கள் மனு விஷயத்தில் அவர் சொன்னது இதுதான். நகராட்சிக்கு மூன்று கணக்கு: வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. வரியாக வரும் வருவாய் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மின்கட்டணத்துக்குமே இழுபறி. புது வேலை என்றால் மேலிருந்து வரும் திட்டப் பணத்தில்தான். மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பெரும் பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. மாநிலத் திட்டங்களும் தலைப்போடுதான் வருகின்றன. ரோடு என்று வந்தால் ரோடு, விளக்கு என்று வந்தால் விளக்கு. அந்த வருடம் வந்திருந்தது சாலைத் தலைப்பு.

"கால்வாய்னு எழுதினா அடுத்த வருஷம் வரைக்கும் ஃபைல் தூங்கும் சார். ரோடுன்னு எழுதினா மார்ச்சுக்குள்ள முடியும். ரோடு போடும்போது தண்ணி ஓட வாட்டம் பார்த்துப் போட்டுக்கலாம்."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் எங்கள் தெருவின் பிரச்சினை தண்ணீர் என்பதிலிருந்து ரோடு என்று மாறியது அந்தப் பதிவேட்டு வரியில்தான். அதற்குப் பிறகு நடந்த எஸ்டிமேட், தொழில்நுட்ப அனுமதி, மன்றத் தீர்மானம், டெண்டர் எல்லாம் அந்த வரியின் பின்னால் வரிசையாக வந்தன.

எஸ்டிமேட் போட மேற்பார்வையாளர் ஒரு டேப்போடு வந்தார். 140 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம். 67 கன மீட்டர் கான்கிரீட். மட்டக் கருவி கொண்டுவரவில்லை. ரோட்டுக்கு நீள அகலம் போதும்.

பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போடலாமே என்று கேட்டேன். சாலையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் எழுதியிருந்தாரே. மேற்பார்வையாளர் சிரித்தார். தார் ரோட்டைச் சுரண்ட மிஷின் உண்டு. கான்கிரீட்டை உடைக்கத்தான் வேண்டும். அதே 67 கன மீட்டரை உடைத்தால் ஏறக்குறைய 160 டன். உடைத்த கல் உதிர்ந்து ஊதிப்போகும். சின்ன டிப்பரில் இருபது நடைக்கு மேல். எங்கே கொட்டுவது? அந்தச் செலவையும் சேர்த்தால் கையிலிருக்கும் பணத்தில் பாதித் தெருதான் போட முடியும். எந்தப் பாதி?

கவுன்சிலருக்கு முழுத் தெரு வேண்டும். பாதித் தெரு போட்டுவிட்டு மீதிப் பாதிக்காரர்கள் முகத்தில் அவர் எப்படி விழிப்பார்? அது நியாயமான பயம்தான்.

மன்றக் கூட்டத்தைப் பார்க்க நானும் போனேன். எங்கள் தெரு, வேறு நாலு தெருக்களோடு ஒரே பேக்கேஜாக, பொருள் பட்டியலின் நடுவில் "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்" என்ற வழக்கமான வரியோடு இருந்தது. படித்து முடிக்கும் முன்பே அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்குப் பெரிய சண்டை வாரச் சந்தைக் குத்தகை பற்றி.

ரோடு போட்ட இரவு

2022 ஜூனில் வேலூரில் ஒரு தெருவில் நிறுத்தி வைத்திருந்த மோட்டார் சைக்கிளின் சக்கரங்களோடு சேர்த்து இரவோடு இரவாக கான்கிரீட் ரோடு போட்டது நாடு முழுக்கச் செய்தியானது. கொஞ்ச நாளில் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு அடிபம்பைச் சேர்த்துக் கால்வாய்ச் சுவர் கட்டியதும் படத்தோடு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்குத் தோன்றிய கேள்வி ஒன்றுதான்: அந்த இடத்தில் அந்த நேரத்தில் யார் நின்றிருந்தார்கள்?

எங்கள் தெருவில் 2023 மார்ச் மூன்றாவது வாரம், நிதியாண்டு முடியப் பத்து நாள் இருக்கும்போது ரோடு போட்டார்கள். சாயங்காலம் பக்கத்தில் இரும்புச் சேனல் வைத்தார்கள், இரவு எட்டு மணிக்கு மிக்ஸர் வந்தது. மேற்பார்வையாளர் ஒன்பதரை வரை இருந்தார். அப்புறம் இன்னொரு வார்டில் மெயின் பைப் உடைந்து தண்ணீர் பீறிடுகிறது என்று போன் வந்தது, போய்விட்டார். அதுவும் அவர் வேலைதான்.

மீதி இருந்தது மேஸ்திரியும் எங்கள் தெருக்காரர்கள் ஐந்தாறு பேரும். வடக்கிலிருந்து போட்டுக்கொண்டே வந்தார்கள். நடுவில் மூன்று சென்டிமீட்டர் ஏற்றி இரண்டு பக்கமும் வாட்டம் கொடுத்த விதம் சுத்தமாக இருந்தது. நல்ல மேஸ்திரி. தெற்கு முனைக்கு வந்தபோது கேட்டார்: "மட்டம் எங்க புடிக்கட்டும்?"

நான் தாழ்த்தச் சொன்னேன். முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பெரிய சாலை மட்டத்துக்குச் சேர்க்கச் சொன்னார். இல்லாவிட்டால் வண்டி இறங்கும்போது குலுங்கும், அரிசி மூட்டை ஆட்டோ கவிழ்ந்தாலும் கவிழும். இன்னொருவர் தன் வாசலில் மட்டும் தாழ்த்தச் சொன்னார். மேஸ்திரி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, பெரிய சாலையின் ஓரத்தில் நூலைக் கட்டினார். யார் பேச்சும் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாத இடம் அது. அந்த நூல்தான் எங்கள் தெருவின் மட்டத்தைத் தீர்மானித்தது.

அது தவறு என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் சாலைக்கு மட்டம் வரைந்தவன். ஆனால் மணி பன்னிரண்டு ஆகியிருந்தது, கடைக்காரரோடு சண்டை போடத் தெம்பு இல்லை, மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் கான்கிரீட் இறுகியிருந்தது.

நான்காம் நாள் பொறியாளர் வந்து அளந்தார். எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம் என்று கட்டங்கள் உண்டு. வாசற்படிக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்பதற்குக் கட்டம் கிடையாது. அளவு சரியாக இருந்தது, பில் பாஸ் ஆனது. அந்த வாரமே என் போனுக்குக் குறுஞ்செய்தி: உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது.

தண்ணீர் வந்த பிறகு

2023 வடகிழக்குப் பருவமழையில் முதல் நல்ல மழைக்கே கடைசி ஆறு வீடுகளுக்குள் தண்ணீர் போனது. முன்பு வாசலோடு நின்றது, இப்போது உள்ளே. ஆறுண்டு நீரில்லை என்று எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. அதன் அடுத்த வரி, கோயிலுண்டு சாமியில்லை. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைத் திரும்ப வைத்தது 1981இல், அதோடு அந்த வரி பொய்யாகிவிட்டது. முதல் வரியும் சில வருடம் பொய்யாகும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மற்ற வருடங்களில் ஆற்றில் இல்லாத தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இருக்கும்.

இந்த முறை மனு எழுதவில்லை. கவுன்சிலரிடம் போய், மழை பெய்யும்போது பொறியாளரை அழைத்து வரச் சொன்னேன். வெயில் காலத்தில் ஒரு தெருவைப் பார்ப்பதும் மழையில் பார்ப்பதும் வேறு வேறு தெருவைப் பார்ப்பது போல. நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, இரவெல்லாம் பெய்து ஓய்ந்த பிறகு, அந்த உதவிப் பொறியாளர் ஸ்கூட்டியில் வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து தெருவின் முனை வரை போய்த் திரும்பி வந்தார். வரும் வழியில் கிழக்குப் பக்கம் ஒரு சந்தைப் பார்த்து நின்றார்.

"இந்தச் சந்து எங்க போகுது?"

ஓடைக்குப் போகிறது. ஒன்றரை மீட்டர் அகலம், 35 மீட்டர் நீளம், எட்டு வீடு. அந்தச் சந்துக்கு யாரும் எந்தக் காலத்திலும் ரோடு போட்டதில்லை. அதனால் அது மட்டும் என் சின்ன வயதில் இருந்த உயரத்திலேயே இருக்கிறது. முப்பது வருடமாகக் கேட்டும் கிடைக்காததால் அது தெருவைவிடப் பள்ளம்.

அப்படியென்றால் தண்ணீர் தானாகவே அங்கே போயிருக்க வேண்டுமே? போகவில்லை. சந்தின் வாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் மேடு. சந்துக்காரர்களே கட்டியது. எங்கள் தெரு ஒவ்வொரு முறை உயர்ந்தபோதும் அவர்கள் அந்த மேட்டையும் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன். ஒரு நாளும் அதை ஒரு தகவலாகப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து மட்டக் கருவியோடு வந்தார்கள். ஸ்டாஃப் என்கிற அளவுகோலை நான்தான் பிடித்தேன், பழைய கை. சந்தின் வாயிலிருந்து ஓடை வரை வாட்டம் 28 சென்டிமீட்டர். அதாவது 125 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம், கால்வாய்க்குத் தாராளம். ஒரு மணி நேர வேலை. முந்தைய வருடமே செய்திருந்தால் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சந்து

மேட்டை இடிப்பது நகராட்சிக்குச் சட்டப்படி கஷ்டமில்லை. சந்து நகராட்சியின் இடம், மேடு அனுமதி இல்லாமல் கட்டியது. ஜேசிபி உள்ளே போகாது. நாலு ஆள் போதும். கவுன்சிலர் அதைத்தான் சொன்னார். பொறியாளர் மறுத்தார். இடித்தால் ஒரு வாரத்தில் திரும்பக் கட்டுவார்கள், இந்த முறை கல் வைத்து.

அந்தச் சந்தில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். சாப்பாடு முடிந்து மதியம் மூன்று மணிக்கு மேல் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக வாசலில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும் வரை. வீட்டுக்குள் காற்று இல்லை. சந்துதான் அவர்களுடைய வேலைக்கூடம். அதன் நடுவில் எங்கள் தெருவின் தண்ணீர் ஓட வேண்டும் என்று கேட்கப் போனோம்.

அவர்களில் மூத்த அம்மா ஒருவர், கை நிற்காமலே கேட்டார்: "உங்க தெரு தண்ணி எங்க சந்துல இன்னாத்துக்கு வரணும்? ரோடு போட்டப்ப எங்கள கேட்டீங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் தெருவுக்கு ஐந்து தடவை ரோடு வந்தபோது ஒரு தடவைகூட அந்தச் சந்தைச் சேர்த்துக் கேட்டதில்லை. மனு எழுதுகிறவன் நான்.

பொறியாளர் மேட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "உங்களுக்கு என்னம்மா வேணும்? அதச் சொல்லுங்க." முதலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. திறந்த கால்வாய் என்றால் நாற்றமும் கொசுவும்; மூடித்தான் போட வேண்டும். மூடினால் பலகை ஆடக் கூடாது, கால் இடறும். சந்தில் விளக்கு இல்லை. ஓடைப் பக்கத்து முனை இருட்டு. விளக்கு இருந்தால் ஏழு மணிக்கு மேலும் உட்காரலாம், இன்னும் கொஞ்சம் பீடி சுற்றலாம். கடைசியாக அந்த மூத்த அம்மா சொன்னது: "எம்மா, உங்க கால்வாயில மழைத் தண்ணி மட்டும் வரட்டும். கக்கூஸ் தண்ணி வந்துச்சுன்னா நானே அடைச்சிடுவேன்."

அது பெரிய நிபந்தனை. எங்கள் தெருவில் சில வீடுகளின் கழிவறைத் தொட்டி வழிந்து பக்கக் கால்வாயில்தான் விழுகிறது. யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த மூன்று வாரம் பொறியாளரும் சுகாதார ஆய்வாளரும் வீடு வீடாகப் போனார்கள். நாலு இணைப்பு கண்டுபிடித்து அடைத்தார்கள். அதில் ஒன்று, என்னோடு மனுவில் கையெழுத்துப் போட்டவருடையது. அவர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை.

இந்தப் பேச்சு எதுவும் எந்த ஃபைலிலும் கிடையாது. ஃபைலில் இருப்பது: "சந்தில் 35 மீட்டர் நீளத்துக்கு மூடிய கால்வாய், மேலே பேவர் பிளாக், ஒரு எல்இடி விளக்கு."

பணம்

மறுபடியும் தலைப்புப் பிரச்சினை. இந்த முறை பொறியாளரே வழி சொன்னார்: நமக்கு நாமே திட்டம். மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும். எஸ்டிமேட் 2 லட்சத்து 40 ஆயிரம். நாங்கள் கட்ட வேண்டியது 80 ஆயிரம். சந்துக்காரர்கள் கட்ட வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். அதுகூட நியாயத்துக்காக இல்லை, அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு கேட்க வாய் வரவில்லை.

முப்பத்தோரு வீடு என்றால் வீட்டுக்கு 2,580 ரூபாய். கேட்பதற்கு எளிது. வடக்கு மேட்டில் இருப்பவர்கள், தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வரவில்லையே என்றார்கள். வரவில்லைதான், அவர்கள் வீட்டிலிருந்துதான் எங்களுக்கு வருகிறது. வாடகைக்கு இருப்பவர்கள் சொந்தக்காரரைக் கேளுங்கள் என்றார்கள், சொந்தக்காரர் பெங்களூரில். கடைசியில் பள்ளத்து ஆறு வீடுகள் பெரும்பகுதியைக் கட்டின, மளிகைக் கடைக்காரர் பத்தாயிரம் கொடுத்தார். அரிசி ஆட்டோவுக்காக அன்றைக்கு மட்டத்தைத் தூக்கச் சொன்னது அவருக்கு நினைவிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

2024 பிப்ரவரி கடைசியில் அனுமதி வந்தது. மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு. நடத்தை விதி அமலுக்கு வந்தால் புது வேலை தொடங்கக் கூடாது. வேலை உத்தரவு கையெழுத்தாக இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் கமிஷனர் மாவட்டத் தலைமையிடத்தில் கூட்டத்தில் இருந்தார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19ஆம் தேதியே முடிந்தும், நாடு முழுக்க எண்ணி முடித்து விதி விலக ஜூன் முதல் வாரம் ஆனது. வேலை ஜூலையில் தொடங்கியது.

சந்து வாய்க்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் எங்கள் பக்கக் கால்வாய் திறந்திருக்க வேண்டும். கடைசி வீடுகளில் பைக் ஏற்ற ஆளாளுக்குக் கட்டிய சாய்தளம் கால்வாயை மூடியிருந்தது. உடைக்க ஆள் வந்தபோது எல்லோரும் பக்கத்து வீட்டைக் காட்டினார்கள். பொறியாளர் என்னைப் பார்த்தார். முதலில் என் வீட்டுச் சாய்தளம் உடைந்தது. அடியில் இருபது வருடத்துச் சேறு, கூடவே ஒரு குழந்தையின் செருப்பு. என் மகனுடையதாக இருக்கலாம்.

இந்த முறை கான்கிரீட் போட்ட இரவு யாரும் தூங்கப் போகவில்லை. மேஸ்திரி அதே ஆள். நூல் கட்டும்போது மூத்த அம்மாவும் சந்து வாசலில் நின்றார், மேற்பார்வையாளரும் நின்றார். மட்டத்தைப் பொறியாளர் சுவரில் சிவப்பு பெயின்டால் குறித்துவிட்டுப் போயிருந்தார். இதை ஏன் எல்லாத் தெருவிலும் செய்யக் கூடாது என்று கேட்டேன். பெயின்டுக்கு எஸ்டிமேட்டில் இடமில்லை என்றார் மேற்பார்வையாளர். அந்தப் பெயின்ட் பொறியாளர் அம்மணி கைக்காசில் வாங்கியது.

டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் திருவண்ணாமலையில் மலையையே சரித்த அந்த மழை, எங்கள் தெருவிலும் விடாமல் பெய்தது. பள்ளத்தில் கணுக்கால் அளவு ஏறியது, ஒன்றரை மணி நேரத்தில் வடிந்தது. ஆறு வீடுகளில் ஒன்றில் மட்டும் உள்ளே போனது. அந்த வீட்டு வாசல் மற்றவற்றைவிடத் தாழ்வு, அதற்கு இனி வீட்டைத்தான் உயர்த்த வேண்டும். அந்தப் பெரிய சாலையின் குழாய் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. கடிதம் இன்னும் ஃபைலில் இருக்கிறது. பொறியாளர் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போய்விட்டார்.

சந்தில் இப்போது விளக்கு எரிகிறது. கால்வாய்க்குப் பலகை வார்த்தபோது மேஸ்திரி கணக்குக்கு மேல் இரண்டு பலகை சேர்த்து வார்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். மிச்சமான கலவை, வீணாகப் போக வேண்டாமே என்றார். எந்த எம்.புக்கிலும் அவை இல்லை. போன மாதம் தண்ணீர் கேன் வண்டி ஏறி ஒரு பலகை விரிசல் விட்டது. நகராட்சிக்குப் போன் போடலாம் என்று நான் எண்ணைத் தேடுவதற்குள், சந்துப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து அதைப் புரட்டி எடுத்துவிட்டு, சாய்ந்திருந்த ஒன்றைப் போட்டுவிட்டார்கள். இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.